பதினொன்று தசம் நாலு

என் கணவருக்கு இலக்கங்களை வாய்விட்டுச் சொல்லாமல் பார்க்கத் தெரியாது. கணினித் திரையில் எந்த எண் வந்தாலும் உரத்துச் சொல்வார். அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் வேலை செய்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, மேலாளர்மாரோடு ஆங்கிலத்திலேயே சண்டையும் பிடித்த மனிதர், எண் என்று வந்தால் மட்டும் வாய்ப்பாடு சொல்லும் பள்ளிக்கூடக் குரலுக்குப் போய்விடுவார். "பதினொண்டு தசம் நாலு. பதினொண்டு தசம் மூண்டு. பதினொண்டு தசம் நாலு." கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் இருந்து இந்தச் சத்தம் வந்தால் நான் குசினியில் நிம்மதியாக வெங்காயம் வெட்டலாம். மனிதர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் கராஜில் இன்றைக்குக் கார் நிற்கிறது. அன்றைக்கு நிற்கவில்லை. கார் வெளியே மழையில் நின்றது, கணினி உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு இருந்தது. "இந்த வீட்டிலை உங்கட மிஷினுக்குத்தான் மரியாதை" என்று நான் சொன்னால், "கார் நனைஞ்சால் காயும், இது நனைஞ்சால் செத்துப்போம்" என்பார்.

அவர் வேலை செய்த இடம் நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம். விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பைன் காடுகளை அளந்து, எந்தக் காட்டில் எத்தனை மரம், எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். கணக்கு பெரியது. சாதாரணக் கணினிக்கு விட்டால் ஒரு காட்டுக்கு ஒரு முழு நாள் எடுக்கும். அதனால் இவர், பிள்ளைகள் வீடியோ கேம் விளையாட வாங்கும் கிராபிக்ஸ் கார்டில் அந்தக் கணக்கைப் போடலாம் என்று சொல்லி, எல்லோரோடும் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியிருந்தார். கார்ட் கணக்கில் புலிதான். ஆனால் அதற்கென்று தனி நினைவகம் இருக்கிறது. கணினியின் நினைவகத்தில் கிடக்கும் காட்டை முதலில் அந்த நினைவகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பாதை மந்தமாக இருந்தால் கார்ட் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோசனமில்லை, சும்மா குந்திக்கொண்டு இருக்கும்.

அந்தப் பாதையால் ஒரு செக்கனுக்கு எத்தனை கிகாபைட் போகிறது என்று அளந்து அறிக்கை எழுதுவதுதான் அந்த வருடம் அவருடைய வேலை. அறிக்கை சரியாக வந்தால் நிறுவனம் முழுவதும் அவர் சொன்ன வழிக்கு மாறும். இல்லாவிட்டால் அவர் வருடக்கணக்காகக் கட்டிய எல்லாம் குப்பைக்குள் போகும். அலுவலகத்தில் ஒரே இரைச்சல் என்று சொல்லி, சனி ஞாயிறுகளில் வீட்டில் வைத்தே அளப்பார்.

எனக்கும் இந்த உலகம் அந்நியமில்லை. நகரத்தில் இன்னோர் இடத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடித்தால் எனக்குச் சம்பளம். "வீட்டிலை சும்மா செய்யிறதை அங்கை காசுக்குச் செய்யிறீர்" என்று விருந்துகளில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். நானும் சளைத்தவள் இல்லை, இவரை வைத்துத்தான் பழகினேன் என்று திருப்பிக் கொடுப்பேன்.

அளவெடுப்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் ஓட்டத்தில் வரும் எண்ணை எப்போதும் எறிந்துவிடுவார். கார்ட் வேலையில்லாத நேரம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும், எழுப்பிய கையோடு அளந்தால் பொய் எண் வரும். "அதுவும் மனுசர் மாதிரித்தான், தேத்தண்ணி குடிக்காமல் வேலை செய்யாது" என்பார். பிறகு திரும்பத் திரும்ப ஓட்டி, எண்கள் ஒன்றையொன்று ஒட்டி வருகிறதா என்று பார்ப்பார். ஒட்டி வந்தால்தான் நம்புவார். அவர் நம்பிய எண்ணை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கராஜில் இருந்து "மூண்டு தசம் ஒண்டு" என்று கேட்டது. பிறகு இன்னொரு தரம், "மூண்டு தசம் ஒண்டு". அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், ஒருக்கா வந்து பாரும்."

வெங்காயக் கையோடு போனேன். பதினொன்றுக்கு மேல் வந்துகொண்டிருந்த வேகம் மூன்றுக்கு விழுந்திருந்தது. வேறு ஏதாவது புரோகிராம் ஓடுகிறதா? இல்லை. கார்ட் தூங்குகிறதா? இல்லை, முழித்துத்தான் இருந்தது. நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கணினிக்குள் கார்ட் பூட்டுவதற்கு ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லொட்டுகள் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மேலே இருப்பது பெருந்தெரு, கீழே இருப்பது ஒடுக்கமான ஒழுங்கை. கார்ட் கீழே இருந்தது.

"ஆர் இதைக் கீழை பூட்டினது?"

"நான் பூட்டேல்லை."

"அப்ப நானே பூட்டினனான்?"

"நீர் தூசி தட்டேக்கை மாத்தியிருப்பீர்."

"உங்கட மிஷினிலை கை வைக்க எனக்கென்ன விசரே?"

இரண்டு பேரும் சிரித்தோம். கார்டை மேலே மாற்றிப் பூட்டியதும் பழைய எண் வந்தது. அவர்தான் எப்போதோ மாற்றிவிட்டு மறந்திருக்கிறார் என்று நினைத்தேன். மறதி யாருக்குத்தான் இல்லை? நானே என் கைத்தொலைபேசியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியவள்.

ஆனால் அதற்குப் பிறகு எண்கள் ஒழுங்காக வரவில்லை. ஒரு கிழமை பதினொன்று, அடுத்த கிழமை ஆறு, அதற்கடுத்த கிழமை ஒரே காலைக்குள் நாலு விதம். பாதை என்று இருந்தால் இப்படி ஆடாது. அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். வேறு குடும்பமாக இருந்திருந்தால் அந்த மாதங்களில் மனிதரைத்தான் பார்த்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் இந்தத் தொழிலில் ஊறியவர்கள். எண் ஆடினால் சாமான் பழுது என்றுதான் எங்களுக்குப் படும். முதலில் கேபிளை மாற்றினோம். பிறகு பவர் சப்ளை. பிறகு நினைவகத் தகடுகள். கடைசியில் மதர்போர்டையே மாற்றினோம். ஒவ்வொன்றும் மாற்றிய பிறகு இரண்டொரு நாள் சரியாக வரும், "பாத்தீரே" என்பார். பிறகு திரும்பவும் ஆடும்.

மதர்போர்ட் வாங்க வெஸ்ட்கேட்டுக்குப் போனோம். அங்கே அப்போது கடைகளும் வீடுகளும் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. போன மாதம் இருந்த தெரு இந்த மாதம் இருக்காது. அவர் ஒரு சுற்றுவட்டத்துக்குள் காரை விட்டு, வெளியே வரும் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் வியர்த்திருந்தது. நான் நகரசபையைத் திட்டினேன், ரோட்டுப் போட்டவனைத் திட்டினேன், அம்புக்குறி வைத்தவனின் பரம்பரையையே திட்டினேன். எல்லாவற்றுக்கும் கைக்கெட்டின தூரத்தில் ஒரு காரணம் இருந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

டனீடனில் படித்துக்கொண்டிருந்த மகள் ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள். "அம்மா, இஸ் அப்பா ஓகே?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கிறார்."

"ஹி ஆஸ்க்ட் மீ வென் மை எக்ஸாம்ஸ் ஆர். ஐ டோல்ட் ஹிம். தென் ஹி ஆஸ்க்ட் மீ அகெய்ன். சேம் கோல்."

"அவர் அறிக்கை யோசனையிலை ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேட்டிருப்பார் பிள்ளை. நீ உன்ர படிப்பைப் பார்."

போனை வைத்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. தமிழில் நாலு வார்த்தை ஒழுங்காகக் கதைக்க மாட்டாள், அப்பாவுக்குக் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டாள் என்று பாத்திரங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு கழுவினேன்.

பிறகு அந்த நாற்பத்திரண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு அடுப்பில் இருந்தது. கராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார். மாதக்கணக்காக அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்க்கவில்லை. "நாப்பத்திரண்டு!" என்றார். "நாப்பத்திரண்டு தசம் ஆறு! எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சுது. இப்பவே மனேஜருக்கு எழுதப் போறன்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவர் சிரிப்பு வேறு, என் சிரிப்பு வேறு என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்த ஸ்லொட்டால் பதினாறுக்கு மேல் தாங்க முடியாது. எவ்வளவு நல்ல கார்ட் போட்டாலும், எவ்வளவு நல்ல புரோகிராம் எழுதினாலும் முடியாது. குழாயின் அகலம் அவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். அலுவலகத்தில் புதிதாக வரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்வார்: குறைவான எண் வந்தால் பிழையைத் தேடுங்கள், கூடின எண் வந்தால் பயப்படுங்கள்.

"அந்த ஸ்லொட் எவ்வளவப்பா தாங்கும்?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் எங்கேயோ போனது. பிறகு திரும்பிக் கராஜுக்குள் போனார். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன். புரோகிராமைத் திறந்து பார்த்தோம். 'காத்திரு' என்று சொல்லும் வரியைக் காணவில்லை. கணினி கார்டுக்கு வேலையைக் கட்டளையிட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். தரவு போய்ச் சேரும் வரைக்கும் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால்தான் உண்மையான நேரம் தெரியும். அது இல்லாமல் அளப்பது, கடையில் கொத்து ரொட்டிக்குச் சொன்ன கையோடு சாப்பிட்டு முடிந்தது என்று எழும்பிக் கைகழுவப் போவது மாதிரி. அவர் அளந்தது தரவு போன வேகத்தை இல்லை, கட்டளை கொடுத்த வேகத்தை.

"சீ, வெயிட் பண்ணச் சொல்லுறதை விட்டிட்டன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

ஒரு வரி விடுபடுவது பெரிய விஷயமில்லை. நான் ஒவ்வொரு நாளும் காண்கிற பிழை. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் நாற்பத்திரண்டைக் கண்டு சந்தோஷப்பட முடியாது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. அறிவு போவது ஒருபக்கம் இருக்கட்டும், அவரிடம் இருந்த அந்தச் சந்தேகம் எங்கே போனது? அன்று நாங்கள் சாப்பிட்ட சோறு குழைந்துபோயிருந்தது.

அடுத்த கிழமை விடுமுறையில் நான் ஒரு காரியம் செய்தேன். பின்வளவில் ஃபீஜோவா மரத்துக்குக் கீழே பழங்கள் விழுந்து கிடந்தன. வாளியைக் கையில் கொடுத்து, "இதுகளைப் பொறுக்கித் தாங்கோ, அழுகப்போகுது" என்று அவரை அனுப்பிவிட்டு, கராஜுக்குள் போய் நான் தனியே இருந்து அதே புரோகிராமை ஓட்டினேன். முதல் ஓட்டத்தை எறிந்தேன். அதற்குப் பிறகு பதினொன்று தசம் நாலு. பதினொன்று தசம் நாலு. பதினொன்று தசம் மூன்று. கை ஓயும்வரை ஓட்டினேன். கல்லு மாதிரி நின்றது. கணினியில் ஒரு குறையும் இல்லை.

அவர் வாளியோடு வந்தார். "என்ன, சரி வருகுதே?"

"வருகுது. நீங்கள் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ."

அவர் கதிரையில் இருந்தார். நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகத் திரையைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்த்தேன். ஒரு கோப்பைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினார். பிறகு வேறு ஒரு கோப்பைத் திறந்து அதை ஓட்டினார். அது பழைய பிரதி. கணினிக்குள் 'கடைசி' என்று பெயர் வைத்த பிரதிகள் நிறையக் கிடந்தன. ஒன்றைத் திருத்துவார், இன்னொன்றை ஓட்டுவார். எண் பிழைத்து வரும். "பாத்தீரே, திரும்ப வந்திட்டுது" என்று மூன்றாவது பிரதியைத் திறந்து அதில் எதையோ மாற்றுவார். எதை மாற்றினேன் என்பது அவருக்கு ஞாபகமில்லை. மாற்றினேன் என்பதும் ஞாபகமில்லை. இடையில் ஒருதரம் சட்டைப்பையில் இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்தார். கார்டைக் கழற்றி எங்கே பூட்டப் போகிறார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "தேத்தண்ணி போடுறன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

பிழை தேடுவதற்கு எங்களிடம் ஒரே வழிதான் உண்டு. சந்தேகமானவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். கேபிளைக் கழித்தோம், பவர் சப்ளையைக் கழித்தோம், மதர்போர்டைக் கழித்தோம். அன்றைக்கு நான் கணினியையே கழித்துவிட்டேன். மிஞ்சியது கதிரையில் இருந்த மனிதர். ஐம்பத்தைந்து வயதுகூட ஆகாத என் மனிதர். உடுப்புத் தோய்க்கும் மிஷினைச் சத்தத்துக்காகப் போட்டுவிட்டு அதில் சாய்ந்து நின்று அழுதேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் எங்கள் குடும்ப டொக்டர் இரத்தம் எடுத்தார், மூளையைப் படம் பிடிக்க அனுப்பினார், பிறகு ஒரு பெரிய டொக்டரிடம் அனுப்பினார். இவரிடம் "உங்களுக்குத் தலைச்சுத்து இருக்கெல்லோ, அதுக்குத்தான்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் நீண்ட லீவு கொடுத்தார்கள். அறிக்கையை அவரோடு வேலை செய்த இன்னொருவர் முடித்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெரிய டொக்டர் வயதான வெள்ளைக்காரர், அமைதியானவர். ஒரு மணிக்கூட்டை வரையச் சொன்னார். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டார். எல்லாம் ஆங்கிலத்தில். இவர் திணறினார். தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, படத்தில் கொஞ்சம் சுருக்கம் தெரிகிறது, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் இந்தச் சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் நினைவு போகும் நோயின் தொடக்கம் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

எனக்கு வந்ததே ஒரு வேகம். "உங்கள் சோதனை பிழை" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். இந்த மனிதர் எண்ணுவது தமிழில், வேறு மொழியில் அவருக்கு எண்ணத் தெரியாது, நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதை அவர் தமிழுக்குக் கொண்டுபோய், கழித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஆகவே நீங்கள் அளந்தது நினைவை இல்லை, பாதையை என்றேன். நினைவகம் நன்றாக இருந்தும் பாதை மந்தமாக இருந்தால் குறைந்த எண்தான் வரும், அதை வைத்துக்கொண்டு நினைவகம் பழுது என்று சொல்ல முடியாது என்று அந்தப் பெரிய மனிதருக்கு நான் வகுப்பே எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் திரும்பச் செய்வோம் என்றார்.

காரில் வரும்போது இவருக்கும் சொன்னேன். நான் பயந்தது மாதிரி இல்லை, டக்கென்று பிடித்துக்கொண்டார். "ஓமோம். நினைவகம் வேறை, பாதை வேறை. கார்ட் நல்லாத்தான் இருக்கு, ஒழுங்கையிலை பூட்டிக்கிடக்கு எண்டுறீர்."

"அதேதான்!"

"உம்மட மூளையை எனக்குத் தந்தால் போதும், டொக்டரே வேண்டாம்" என்று சிரித்தார். இவ்வளவு தெளிவாகக் கதைக்கிறவருக்கு என்ன நோய் இருக்க முடியும்? அடுத்த சோதனை வரைக்கும் இருந்த சில கிழமைகள் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். மகளுக்குப் போன் பண்ணி, எல்லாம் இங்கிலீஷால் வந்த வினை என்று பெருமையடித்தேன். இவர் வெள்ளிக்கிழமைகளில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு எடுத்துப்போய் வைத்தார். அது எங்கள் தெருவில் புதன்கிழமை எடுப்பது. பரவாயில்லை என்று நான் திரும்ப உள்ளே இழுத்து வைத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண், என்னைவிட இளையவர், நல்ல மரியாதையான பிள்ளை. "சார், நான் அஞ்சு வார்த்தை சொல்றேன். நல்லா கேட்டுக்குங்க. அப்புறம் திரும்பக் கேப்பேன்" என்றார். நாற்காலி, சாவி, ஆரஞ்சு, மழை, சீப்பு. இவர் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது ஒன்றும் வரவில்லை.

நான் விடவில்லை. இது எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை என்றேன். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது, கதிரைதான். சாவி கிடையாது, திறப்பு. ஆரஞ்சு இல்லை, தோடம்பழம். இதுவும் மொழிபெயர்ப்புத்தான், இதுவும் ஒழுங்கைதான் என்றேன். அந்தப் பிள்ளை பாவம், "ஆமா டாக்டர், இலங்கைத் தமிழ் கொஞ்சம் வேறதான்" என்று எனக்காக டொக்டரிடம் ஆங்கிலத்தில் பரிந்து பேசினார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குடும்பத்தவர்கள் கேட்பதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் உங்கள் மனதுக்காக நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார்.

என் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்தேன். முழங்காலோடு முழங்கால் முட்டியது. வேறு ஐந்து சொற்கள் எடுத்தால் நல்லது என்று தெரியும், ஆனால் எனக்கு இந்தச் சொற்களை வென்று காட்ட வேண்டும் போல இருந்தது.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கதிரை. திறப்பு. தோடம்பழம். மழை. சீப்பு."

"கதிரை, திறப்பு, தோடம்பழம், மழை, சீப்பு" என்றார். கராஜில் எண் சொல்லும் அதே குரல், அதே சுத்தம். நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர், கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டிவிட்டு, இவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டார். இவர் பைன் காடுகளைப் பற்றி, லேசர் எப்படி இலைகளுக்கு ஊடாக நிலம் வரைக்கும் போகிறது என்று ஆங்கிலத்தில் அழகாக விளங்கப்படுத்தினார். ஒரு பிழை இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பிறகு டொக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இப்ப சொல்லுங்கோ" என்றேன். "நான் சொன்ன அந்த அஞ்சும் என்ன?"

"எந்த அஞ்சு?"

"இப்ப சொன்னனானெல்லே, நீங்களும் திருப்பிச் சொன்னீங்கள்."

"நீர் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் மெதுவாக. "நான் இவருக்குக் காடு அளக்கிறதைப் பற்றியெல்லே சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"வீட்டிலை இருக்கிற சாமான் ஒண்டு. யோசியுங்கோ."

அவர் யோசித்தார். எனக்காகத்தான் யோசித்தார். நெற்றி சுருங்கியது, டொக்டரைப் பார்த்தார், அந்தப் பிள்ளையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் இப்ப எதிலை இருக்கிறியள்?"

"கதிரையிலை" என்றார். "ஏன்?"

மொழிபெயர்க்க வந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவருக்கு அப்போது ஒரு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. நான் ஆங்கிலத்தைக் கழித்தேன், அந்நியக் குரலைக் கழித்தேன், அந்நியச் சொல்லைக் கழித்தேன். கடைசியில் என்னையே பாதையாகப் போட்டேன். என்னிடமிருந்து அவருக்குப் போவதைவிடக் குறுகிய வழி இந்த உலகத்தில் இல்லை. அதன் வழியாகவும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. இனிக் கழிக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. டொக்டர் நல்ல மனிதர், நான் எழும்பியபோது கதவைத் திறந்து பிடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. திறப்பை நான் வாங்கிக்கொண்டேன், அவர் மறுக்காமல் மற்றப் பக்கம் ஏறினார். சீட் பெல்டைப் பூட்டிவிட்டேன். நான் காரை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அவருக்கு ஞாபகமில்லை. என் முகத்தை வாசிக்க மட்டும் அவருக்கு இன்னும் தெரிந்திருந்தது.

"உள்ளை நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனே?" என்று கேட்டார். பயந்துபோயிருந்தார்.

"இல்லையப்பா. எல்லாம் சரியாத்தான் சொன்னீங்கள்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். தோள் இரண்டும் இறங்கின. கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப மிஷினிலைதான் பிழை" என்றார்.

"ஓம்" என்றேன்.